பதினோராம் எண்ணின் குரல்

டாக்டரம்மாவிடம் நான் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அவர் மனநல ஆலோசகர். மருந்து எழுதுபவர் அல்ல; ஆனாலும் எல்லோருக்கும் டாக்டரம்மாதான். தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் இடம். முன்மேசை எனக்கு. நான் பத்தாவது வரை படித்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுபவள். அதனால்தான் என்னை எடுத்ததாக அவரே ஒருமுறை சொன்னார்.

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அதனால். ஆளுக்கு ஓர் எண். வந்ததும் எண் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார வேண்டும். நான் நிமிர்ந்து முகம் பார்க்கக் கூடாது. எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

வராதவர்களுக்கு நாலு மணிக்குப் போன் செய்வேன். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று இரண்டே கேள்வி. "அட்வைஸ் வேணாம்மா. நம்மள ஒருத்தர் கேக்கறாங்கன்னு தெரிஞ்சாப் போதும்" என்பார் டாக்டரம்மா.

பதினோராம் எண் ஒரு மயிலாப்பூர்ப் பெண். முப்பது வயது என்று பதிவேட்டில் இருந்தது. உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று வந்தவர். நடுவில் மூன்று வாரம் வரவில்லை. மூன்று வாரமும் கூப்பிட்டேன். "சாப்பிட்டேன். நன்னா தூங்கினேன்" என்றது மெல்லிய குரல். மூன்று முறையும் அதே இழுப்பு, அதே இடத்தில் அதே நிறுத்தம். பின்னால் மின்விசிறி கடகடக்கும். மூன்று முறையும் 'நலம்' என்று எழுதினேன்.

நாலாவது வாரம், மழைக்கு இருட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். மேசையில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிந்ததை நான் கவனிக்கவில்லை. வராதவர்கள் பட்டியலைப் பார்த்துப் போனில் கூப்பிட ஆரம்பித்தேன்.

"பதினொண்ணுங்களா?"

"ஆமா" என்றது போன்.

"ஆமா" என்றது எதிர் பெஞ்சு.

இரண்டும் ஒரே குரல். பழக்கத்தில் வாய் அடுத்ததைக் கேட்டுவிட்டது. "சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நன்னா தூங்கினேன்" என்றது போன்.

அத்தனை வருடத்தில் அன்றுதான் அந்த பெஞ்சை நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, பதினோராம் எண் உட்கார்ந்திருந்தார். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"அம்மாவா?" என்றார். "ஆத்துல நான் பேசறதை நிறுத்தி நாளாச்சு. எனக்கும் சேர்த்து அவளே பேசிண்டிருக்கா."

பெருக்க வந்த அம்மாள் துடைப்பத்தோடு நின்று என்னைப் பார்த்தார். "இன்னாக்கா, பேயறஞ்ச மாதிரி கீற? போய்த் தண்ணி குடி." என் கையிலிருந்த போனை வாங்கி அவரே வைத்தார்.

டாக்டரம்மா மற்றவர்களை அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தார். அந்தப் பெண் சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு எங்களிடம் கடைசியாகச் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடு சாயங்காலமே மருத்துவமனையில் சேர்த்தோம். அம்மாவுக்கும் தகவல் சொன்னோம். அவர் வரவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நான் நினைத்தேன்.

"தப்பு என்னோடது" என்றார். "முகம் பார்க்காம இருக்கறதுதான் மரியாதைன்னு ரூல் போட்டேன். நாப்பது வருஷமா ஜனங்களோட வெட்கத்துக்குக் காவல் இருந்திருக்கேன், அவ்வளவுதான். இனிமே நேர்ல போய்க் கேக்கணும். நாம போக முடியாத தெருவுல கேக்கறதுக்கு அங்கேயே ஒருத்தரைப் பிடிக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த அம்மாவைப் பார்த்துட்டு வாங்க."

"நானா மேடம்?"

"அவங்க குரல் உங்களுக்குத்தானே தெரியும்."

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் முதல் மாடி. அறுபதைத் தாண்டிய அம்மா கதவைத் திறந்தார். மகளின் போன் கையிலேயே இருந்தது. உள்ளே மின்விசிறி கடகடத்தது. மகள் மருத்துவமனையில் நன்றாகத் தூங்குகிறார் என்று சொன்னேன்.

"அக்கம்பக்கத்துல தெரிஞ்சுடக் கூடாதேன்னுதான் மொதல்ல பேசினேன்" என்றார். கரகரத்த குரல். போனில் நான் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "அப்புறம், அவ குரல்ல சொல்லச் சொல்ல, நெஜமாவே அவ சாப்ட்ட மாதிரி இருந்தது. தட்டு அப்படியே இருக்கும். நான் அதைப் பார்க்கவே மாட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நன்னா..."

மகளின் குரல்தான் வந்தது. அந்தச் சுருங்கிய வாயிலிருந்து, முப்பது வயதுக் குரல். அவரே பயந்துவிட்டார். தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, அது யார் பேசியது என்பது போல என்னைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. நின்றேன்.

பிறகு, அவருடைய சொந்தக் கரகரப்பில், "இல்லை" என்றார்.

சாதம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நானே சமையலறைக்குள் போனேன். அவர் தடுக்கவில்லை.