பூட்டு விழுறதுக்குள்ள

முகப்பேர் ஹவுசிங் போர்டு பிளாட்டில் கோமளா அரைத்து விற்கும் இட்லி மாவு என்றால் தனி மரியாதை. அவள் வாய்க்கும் அப்படித்தான். மகள் பவ்யா ஜேம்ஸைக் கட்டிக்கொண்டு போன அன்று அந்த வாய் சும்மா இருக்குமா? இனி அவள் பேச்சை எடுத்தாலோ, எங்கே இருக்கிறாள் என்று சொன்னாலோ, நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று புருஷனிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். தட்சிணாமூர்த்தி வாயில்லாப் பூச்சி. சரி என்று சொல்லிவிட்டு தொழிற்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பினார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் திடீரென்று வாட்ஸ்அப்புக்குப் பூட்டுப் போட்டால் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வருமா வராதா? அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் போனை எடுப்பாள். பிறந்த நாள், கல்யாண நாள் என்று எதையாவது அடிப்பாள். தப்பு என்று சொல்லும். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் கை தானாகப் போகும்.

ஒன்றைக் கவனித்தாள். பூட்டு விழுவதற்கு முன்னால், கண் சிமிட்டும் நேரம் உள்ளே இருப்பது தெரிந்தது. தன் போனில் அப்படி ஆகிறது என்று கூசாமல் பொய் சொல்லி, போன் கடை அனஸிடம் விசாரித்தாள். அந்தப் பூட்டு வாட்ஸ்அப்புக்குள்ளே இல்லை, வெளியே தனியாக நிற்கிற வாட்ச்மேன் என்றான் அவன். இப்போது எந்த ஆப் மேலே வந்திருக்கிறது என்று போனை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்குமாம். பூட்டச் சொன்ன ஆப் வந்தது தெரிந்தால், தன் திரையைக் கொண்டுவந்து அதன்மேல் மூடுமாம். பழைய போன் என்றால் பதில் வரக் கொஞ்சம் லேட்டாகும், அந்த இடைவெளியில்தான் தெரிகிறது என்றான்.

போதாதா கோமளாவுக்கு? திறப்பாள், ஒரு வரி கண்ணில் படும், மூடிக்கொள்ளும். மறுபடி திறப்பாள். மேலே ஆள் பேர் இல்லை, 'ஐயப்பன்தாங்கல்' என்று ஏரியா பேர். ஒருநாள் 'சாப்டீங்களா' பிடிபட்டது. இன்னொரு நாள் 'ஞாயித்துக்கிழமை வாங்க'. அடப்பாவி, இந்த வயசில் சின்ன ஊடா? அன்றைக்கு மாவில் உப்புப் போடவே மறந்துவிட்டாள்.

அடுத்த முறை ஒரு பொம்பளை போட்டோ தெரிந்தது. மாட்டிக்கினா என்று மறுபடி திறந்தாள். கலைந்த தலை, போனுக்குள் குனிந்த மூஞ்சி, பின்னால் இவள் சமையல்கட்டு. இவளேதான்! தப்பு நம்பர் அடிக்கிற ஆளை அந்தப் பூட்டு போட்டோ பிடித்து வைக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, இவளிடம் கேட்காமல் அந்த நம்பருக்கு அனுப்பியிருக்கிறார். இன்னொரு தடவை திறந்து, போட்டோவுக்குக் கீழே இருந்ததைப் படித்தாள். 'அம்மா ஏம்ப்பா இவ்ளோ இளைச்சிட்டாங்க?'

பவ்யா! பெற்ற மகளோடு பேச அந்த மனுஷனைத் திருட்டுத்தனம் பண்ண வைத்தது இவள் வாய்தான். எடுக்கிற படம் எப்படியாவது மகளுக்குப் போய்விடும் என்று இவள் போட்டோவுக்குக்கூட நின்றதில்லை. அந்தப் பெண்ணுக்கு அம்மா முகம் என்று இதுதானா கிடைத்தது? ச்சே, நானெல்லாம் என்ன ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தலை துவட்டிக்கொண்டே வந்த தட்சிணாமூர்த்தி, அவள் கையில் போனைப் பார்த்தார். அவள் போனை அவரிடம் நீட்டினாள்.

"இந்தப் போட்டோவுல நான் திருடி மாதிரி கீறேன். மூஞ்சி கழுவிகினு வரேன், நல்லதா ஒன்னு எடுத்து அவளுக்கு அனுப்புங்க."