அண்டத்தின் மேல் ஒட்டிய அம்பு

வள்ளியாத்தாளுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி வெற்றிலை போட்டால் குமட்டும். கல்யாணப் பந்தியில் பாயசம் ரசத்தோடு கலந்து ஓடினால் குமட்டும். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டதே இந்தக் குமட்டலுக்காகத்தான். எண்ணெய்க் கறையோ சாயத்திட்டோ கடுகளவு இருந்தால் போதும், "சீ, கருமம்!" என்று முதலில் வாய் சொல்லும், அப்புறம்தான் கண் அதைத் தேடிப் பிடிக்கும். பிடித்ததும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, அம்பின் முனை பழுதைக் காட்டுகிற மாதிரி ஒட்டி, சட்டையைத் தூக்கி எறிவாள். அம்பு ஒட்டிய சட்டை கப்பல் ஏறாது.

பிறக்கும்போதே அப்படி இருந்தவள் இல்லை. ஓடையோரம் அவள் குடும்பத்துக்குத் தோட்டமும் கிணறும் இருந்தன. ஒருநாள் காலையில் மோட்டார் போட்டால் குழாயில் கத்திரிப்பூ நிறத்தில் தண்ணீர் கொட்டுகிறது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மேற்கே சாயப்பட்டறை வைத்திருந்தவர் காரில் வந்து இறங்கி, கிணற்றை எட்டிப் பார்த்து, கும்பிட்டு, எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா? "இந்தப் பக்கம் மண்ணு வாகு அப்படீங்க. ஊத்துத் தண்ணியே இப்படித்தானுங்க."

அந்த ஆள் பொய் சொன்னதைக்கூட வள்ளியாத்தாள் பொறுத்துக்கொண்டாள். பட்டறைக்காரன் வேறென்ன சொல்வான்? ஆனால் பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர் லிங்கசாமி இருக்கிறாரே, அந்த மனுஷன், "ஆமாங்க, அப்படித்தானுங்க இருக்கோணும்" என்று தலையை ஆட்டினார். வம்பு எதற்கு என்ற நினைப்பு. அன்றைக்கு வயிற்றைப் புரட்டியது, இன்றுவரை நிற்கவில்லை. தென்னை காய்ந்தது, மாடு போனது, கடைசியில் அவள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினாள். அந்தத் தண்ணீரைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இரண்டாயிரத்து ஆறில் வெளிநாட்டு அறிவியல் காட்சிக்கூடம் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. முதல் சாம்பிள் மேசைக்கு வந்ததும் வள்ளியாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நீலத் துணி முழுக்கப் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக, மூடி வைத்து மறந்துபோன மாவில் பூசணம் பூத்த மாதிரி அச்சடித்திருந்தது. அவளும் செக்கிங் பெண்களும் சலிக்காமல் எல்லாத் திட்டுக்கும் அம்பு ஒட்டித் தள்ளினார்கள். சட்டை முள்ளம்பன்றி ஆகிவிட்டது.

மெர்ச்சண்டைசர் நதியா ஓடிவந்தாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு பேசுவதெல்லாம் அவள்தான்.

"ஐயோ யக்கா! இது பழுது இல்லக்கா, டிசைன். அண்டத்தோட படம்."

"எது, இந்தக் கண்றாவியா?"

தேநீர் இடைவேளையில் நதியா உட்கார்ந்து விளக்கினாள். சூரியன், பூமி, நட்சத்திரம் ஒன்றுமே இல்லாத ஆதியில் எல்லாம் சொல்ல முடியாத சூட்டில், சொல்ல முடியாத நெருக்கத்தில் இருந்ததாம். பட்டாசு மாதிரி ஓரிடத்தில் வெடித்துச் சிதறவில்லை, இடமே விரிந்தது. விரிய விரியச் சூடு தணிந்தது. ஒரு கட்டத்தில் மூட்டம் விலகி, வெளிச்சம் முதன்முதலாகத் தடையில்லாமல் கிளம்பியது. அந்த வெளிச்சத்தின் மிச்சத்தைத்தான் செயற்கைக்கோள் வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். சிவப்பு கொஞ்சம் சூடு, நீலம் கொஞ்சம் குளிர்ச்சி.

"லட்சத்துல ஒரு பங்குதாங்க்கா வித்தியாசம். அதுவும் இல்லாம எல்லாம் ஒரே சீரா இருந்திருந்தா, நட்சத்திரமும் இல்ல, நாமளும் இல்ல."

அவள் சாம்பிள் சட்டையை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள். "இப்பவும் விரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. எந்தத் திட்டுல நின்னு பார்த்தாலும் மத்ததெல்லாம் நம்மள விட்டு விலகிப் போற மாதிரி இருக்கும். நடுன்னு ஒண்ணு கெடையாதுக்கா."

"இதுக்கெல்லாம் முன்னால என்ன இருந்துதாமா, கண்ணு?"

"அது இன்னும் தெரியலையாம்."

வள்ளியாத்தாள் நிமிர்ந்தாள். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிற படித்தவர்களை அவள் கண்டதில்லை. நதியா இன்னொன்றும் சொன்னாள். இந்த மிச்சச் சூட்டை முதலில் கண்டுபிடித்த இரண்டு பேருக்கு அது பெரிய ஆண்டெனா ஒன்றில் ஓயாத இரைச்சலாகத்தான் கேட்டதாம். உள்ளே புறா பீச்சி வைத்திருந்தது. அதனால்தான் இரைச்சலோ என்று சுத்தமாக வழித்துக் கழுவிப் பார்த்தார்களாம். அப்போதும் போகவில்லை.

"உவ்வே!" என்றாள் வள்ளியாத்தாள். ஆனாலும் அவளுக்கு அந்த ஆட்களைப் பிடித்துவிட்டது. முதலில் அழுக்கோ என்று சந்தேகப்பட்டு, கழுவிப் பார்த்து, அப்புறம்தானே பேசியிருக்கிறார்கள்! படம் கண்றாவிதான், ஆனால் யோக்கியமான கண்றாவி என்று பெண்களிடம் சொன்னாள். சாம்பிளை மேசை மேல் விரித்து, ஒவ்வொரு சட்டையையும் அதன் பக்கத்தில் வைத்துத் திட்டுக்குத் திட்டு ஒத்துப் பார்க்கச் சொன்னாள்.

பாதிச் சரக்கு போன பிறகு மேசைக்கு வந்த சட்டைகளைப் பார்த்ததும் அவள் வாய் "சீ!" என்றது. சாம்பிளில் இல்லாத இடங்களில் கத்திரிப்பூ நிறத்தில் திட்டுகள். ஒன்றில் தோளில், ஒன்றில் வயிற்றில், ஒன்றில் முதுகில். எந்தத் துணி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாயம் சரியாக ஏறாமல் அவளே கழித்துப் போட்ட நீலத் துணி. குடோனில் எலிப் புழுக்கைக்கு நடுவில் கிடந்தது. அதை எடுத்து இந்தப் படத்தை அடித்திருக்கிறார்கள். அவள் அம்பு ஒட்ட ஆரம்பித்தாள்.

முதலாளி ஆத்தப்பன் வந்தார். கோபமே வராத மனுஷர். சிரித்துக்கொண்டே ஒரு அம்பை உரித்து, உருட்டிக் கீழே போட்டார்.

"ஏனுங்கக்கா, படமே திட்டு. அதுல ஒரு திட்டு சேர்ந்தா யாருக்குங்க தெரியப்போவுது?"

"டிசைனுன்னா எல்லாப் பீஸ்லயும் ஒரே எடத்துல இருக்கோணுமில்லீங்க? இது பீஸுக்கு ஒரு பக்கம் நிக்குதுங்க."

"அண்டமே விரியுதுன்னு நதியா சொல்லுச்சுங்களே. ஒரு திட்டு அப்படி நகந்து போச்சுன்னு வெச்சுக்குங்க!" என்று தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "நாளைக்கு இன்ஸ்பெக்சன். கேட்டா, நான் பாத்து பாஸ் பண்ணுனதுன்னு சொல்லீருங்கக்கா. இந்த வயசுல வேற எங்க போயி உக்காருவீங்க?"

திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். இந்த 'ங்க' போட்ட மிரட்டலை எதால் கழுவுவது? அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. இந்த மேசையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது உண்மைதான்.

மறுநாள் பையரின் ஆள் சென்னையிலிருந்து வந்தார். பெட்டியை உடைத்து ஒரு சட்டையை எடுத்து, கத்திரிப்பூத் திட்டைத் தடவினார்.

ஆத்தப்பன் முந்திக்கொண்டார். "டிசைனே இப்படித்தானுங்க சார்."

அந்த ஆள் வள்ளியாத்தாளைப் பார்த்தார். "நீங்க பார்த்து பாஸ் பண்ணதாம்மா?"

அவளுக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஆடிய தலை ஞாபகம் வந்தது.

"இல்லீங்க. அது டிசைன் இல்லீங்க, சாயத்திட்டுங்க" என்றாள்.

அந்தச் சரக்கு முழுக்க நின்றது. ஆத்தப்பன் அப்போதும் கோபப்படவில்லை. "நாளையிலிருந்து ஊட்ல ரெஸ்ட் எடுங்கக்கா" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். நதியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதுவும் குமட்டியது.

கழித்த சரக்கு குப்பைக்கா போகும்? கழிவுப் பனியனை மலிவாக விற்கிற காதர்பேட்டைக் கடைகளுக்குப் போனது. அடுத்த மாதம் ஊரெல்லாம் அண்டம். டீக்கடை மாஸ்டர் மேல் அண்டம், மூட்டை தூக்குகிறவர் முதுகில் வியர்வையில் ஊறிய அண்டம், பஸ் ஸ்டாண்டில் எச்சில் துப்புகிறவன் மார்பில் அண்டம். ஒன்றில்கூடத் திட்டு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. வள்ளியாத்தாள் தலையைக் குனிந்தே நடக்கப் பழகினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிங்கசாமி அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். சட்டை சின்னது, தொப்பை பெரியது. துணி விரிந்து திட்டுகளெல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. தொப்புளுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கத்திரிப்பூ நிறம்.

"டிசைனுன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க புள்ள" என்றார்.

அவள் பழைய டிபன் பையைத் துழாவி, மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஒரு அம்பை உரித்து அவர் வயிற்றில், அந்தத் திட்டைக் காட்டி அழுத்தி ஒட்டினாள்.

லிங்கசாமி குனிந்து பார்த்தார். துணியைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தார்.

"நம்ம கெணத்துத் தண்ணி கலரு" என்றார்.

இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள். வந்துவிட்டது. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அதே குமட்டல்தான் வந்தது.

"கழட்டி வெளியில போடுங்க. ஊட்டுக்குள்ள வேண்டாம்" என்றாள்.