நான் திறக்காத கார்க் கதவு

நெம்மேலிக்கு அருகே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மீனவக் குப்பங்களுக்குள் வலைத் தகராறு முற்றி, பலருக்கு மண்டை உடைந்திருந்தது. சண்டை ஓய வேண்டும் என்று இரு ஊர்ப் பெண்களும் பழைய புடவைகளை ஒட்டுப்போட்டு, கடற்கரையில் தொங்கவிட ஊருக்குப் பாதியாக ஒரு நீளத் துணி தைத்தார்கள். யோசனை என்னுடையது. பக்கத்துச் சிறுசேரியில் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் இந்தக் குப்பங்களுக்கு வந்துபோகிறவள் நான்.

இரண்டு பாதிகளையும் இணைக்க, ஒரு ஞாயிறு காலை ஊர்களுக்கு நடுவே மணலில் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவள் வடக்குக் குப்பத்துச் செல்வி. திடீரென்று தெற்கிலிருந்து ஏழெட்டு ஆண்கள் கழிகளோடு வேகமாக வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் கத்தி.

நான் ஓடிப்போய், பக்கத்தில் நிறுத்தியிருந்த என் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். பின்னாலேயே ஓடிவந்த செல்வி கண்ணாடியைத் தட்டினாள்.

"அக்கா, கதவத் தொறக்கா. வந்துகினு கீறாங்க."

பூட்டு என் விரலுக்கடியில்தான் இருந்தது. திறந்தால் அவர்களும் உள்ளே வந்துவிடுவார்களோ என்று பயந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

கத்தி வைத்திருந்தவர் காரைத் தாண்டிப் போய், தோளில் கிடந்த கயிற்றை அறுத்துக் கழியில் கட்டத் தொடங்கினார்.

"இன்னாம்மா ஓடுறீங்க? துணியத் தொங்கவிடக் கழி வேணாமா?"

கதவைத் திறந்து இறங்கினேன். செல்வி மறுபடி மணலில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்து என்னிடம் நீட்டினாள்.

"குந்துக்கா. இன்னும் ஒரு மொழம் கீது."

மாலையில் துணி கடற்கரையில் கழிகள்மேல் ஏறியது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். செல்வியும் கைதட்டினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.