கிணற்றுத் தூளும் வாசச் சவுக்காரமும்

1. துண்டு கேட்டு வந்தவள்

"மிஸி, இவருக்கு உந்த வருத்தம்தான் எண்டு டொக்டரிட்டை ஒரு துண்டு எழுதி வாங்கித் தாங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

எங்கள் கிளினிக்குக்கு வந்தவர்களில் அப்படிக் கேட்ட முதல் ஆள் யோகேஸ்வரிதான். மற்றவர்கள் எல்லோரும் அந்த நோய் இல்லை என்றுதான் துண்டு கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் முதற்பாதி அது. குடாநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தாதியாக இருந்தேன். தோல் நோய்க்கும் பாலியல் நோய்க்கும் ஒரே அறை, ஒரே டொக்டர். வாசலில் 'தோல்' என்று மட்டும் எழுதியிருக்கும். மற்றதையும் எழுதினால் ஒரு சனமும் படியேறாது என்று எங்களுக்குத் தெரியும்.

போரில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் சவுக்காரம் கண்ணில் காணக் கிடைக்காத காலம். சனம் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது. கண்ட கண்ட காரத்தையும் காய்ச்சிச் சவுக்காரம் என்று விற்றவர்களும் இருந்தார்கள். பாதிச் சனம் சொறிந்துகொண்டு திரிந்தது. அரிப்பெல்லாம் ஒரே மாதிரித் தெரியும். பயமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்களுடைய வேலை.

யோகேஸ்வரிக்கு முப்பது வயது இருக்கும். மருதனார்மடத்துப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். கணவன் தர்மலிங்கம் வெங்காயமும் புகையிலையும் சைக்கிளில் கட்டி, கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல் கடந்து, தடைக்கு வெளியே இருந்த வவுனியாவில் விற்றுவிட்டு வருகிறவன். அவனை வெளியே மரத்தடியில் நிற்க வைத்துவிட்டு இவள் மட்டும் உள்ளே வந்திருந்தாள்.

"அவருக்கு என்ன செய்யுது, தங்கச்சி?"

"தொடையிடுக்கெல்லாம் சிவந்துபோய்க் கிடக்கு. அரிக்குது, எரியுது எண்டு நித்திரை இல்லை. வவுனியாவுக்குப் போய் வந்து நாலைஞ்சு நாளிலை துடங்கும். வீட்டிலை நிண்டா மெல்ல மெல்ல மாறும். திரும்பப் போய் வந்தா திரும்ப வரும். அது வேறை என்ன மிஸி?"

கணக்கு நன்றாகத்தான் பொருந்தியது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பையைத் திறந்தா வாசச் சவுக்காரம் மணக்குது. இஞ்சை பிள்ளையளுக்கு முழுக வாக்க ஒரு துண்டுச் சவுக்காரம் இல்லை. அங்கை இவருக்கு ஆர் முதுகு தேய்ச்சு விடுறது?"

அச்சுவேலியில் அவளுடைய அண்ணை இருந்தார். துண்டைக் காட்டினால் அவர் வந்து அவளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வாயால் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். "இவரின்ரை அப்பாவி முகத்தைப் பாத்திட்டு எனக்குத்தான் விசர் எண்டுவினம்" என்றாள். பெட்டி கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என் கணவர் எண்பத்தைந்தில் ஜேர்மனிக்குப் போனவர். கடிதம் வரும், படம் வரும், ஆள் வரவில்லை. சோடியாகச் சைக்கிளில் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு வயிறு பற்றி எரியும். இவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதபோதும் எனக்கு இரக்கத்தோடு சேர்ந்து பொறாமையும்தான் வந்தது. இவளுடைய வீட்டுக்கு ஒரு பையாவது வந்து சேர்கிறதே என்று நினைத்தேன்.

2. கோடு

கணவனும் மனைவியும் வந்தால் தனித்தனியேதான் விசாரிப்போம். ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்குப் போகக் கூடாது. தர்மலிங்கம் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும் கையைத் தலையில் வைத்தான்.

"டொக்டர், பிள்ளையளறிய நான் ஒரு இடமும் போகேல்லை. வவுனியாவிலை ஆறு பேர் ஒரு அறையிலை படுத்து எழும்புறம்."

"நான் உம்மை இன்னும் ஒண்டும் கேக்கேல்லை. சாரத்தைத் தளர்த்தும்."

டொக்டர் விளக்கைக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். முதலில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். சிபிலிஸ் என்கிற மேகநோயின் புண் பெரும்பாலும் ஒன்றுதான் வரும், ஓரம் தடித்திருக்கும், அநேகமாக நோகாது. நோகாதபடியால்தான் சனம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். பிறகு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிடக்கின்றனவா என்று பார்த்தார். அவை உடைந்தால் நல்லாய் நோகும். சிறுநீர் போகும்போது எரிகிறதா, சீழ் வருகிறதா என்று கேட்டார். அரையில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

இருந்தது வேறு. இரண்டு தொடையிலும் ஒரே அளவாகச் சிவந்து, சொரசொரத்து, தோல் உரிந்திருந்தது. அந்தச் சிவப்பு உள்ளுடுப்பின் ஓரத்தோடு கோடு கிழித்தாற்போல நின்றது. இலாஸ்டிக் பட்ட இடுப்பைச் சுற்றியும் அதே சிவப்பு. டொக்டர் போட்டிருந்த சேட்டையும் கழற்றச் சொன்னார். கமக்கட்டிலும் கொலர் படும் கழுத்திலும் அதுவே இருந்தது.

"மிஸி, உது ஆளிட்டை இருந்து வந்ததில்லை. உடுப்பிலை இருந்து வந்தது" என்றார் என்னிடம் மெதுவாக.

ஆனாலும் இரத்தம் எடுக்கச் சொன்னார். இளம் தாதிமார் இதைக் கவனிக்க வேண்டும். தோலில் ஒன்று இருப்பதால் உள்ளே இன்னொன்று இல்லை என்று ஆகாது. பாலியல் நோய் பலருக்கு, அதிலும் பெண்களுக்கு, ஒரு குறியும் காட்டாமலே இருக்கும். தொற்றின புதிதில் இரத்தமும் ஒன்றும் காட்டாது. இடைவெளி விட்டு மறுபடி எடுக்க வேண்டும். கண் பாதி வேலைதான் செய்யும்.

3. கை

யோகேஸ்வரி துண்டுக்காகக் காத்திருந்தாள். இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"வீட்டிலை உடுப்பு ஆர் தோய்க்கிறது?"

"நான்தான். இவரின்ரை வவுனியா உடுப்பைத் தனியத் தோய்க்கிறனான். பிள்ளையளின்ரை உடுப்போடை சேர விடமாட்டன்."

"கையைக் காட்டு, பாப்பம்."

தயங்கித் தயங்கி நீட்டினாள். விரல் இடுக்குகள் வெளிறி, வெடித்துப் போயிருந்தன.

"எதாலை தோய்க்கிறனி?"

"கிணத்துக்குப் போடச் சொல்லி சுகாதாரப் பகுதி பீ.எச்.ஐ. தந்த தூள் மிஸி, அந்த வெள்ளைத் தூள். உது போட்டா எந்தக் கிருமியும் சாகும் எண்டு அவர்தான் சொன்னவர். எவளின்ரை என்ன கிருமியோ ஆருக்குத் தெரியும்? நல்லாய் மொத்தமாக் கரைச்சு ஊறப் போடுவன்."

"பிறகு அலசிறனியோ?"

"அலசினா மருந்து போயிடுமெல்லோ!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு கிணற்றுக்குப் போட வேண்டிய குளோரினை இவள் ஒருவனுடைய உள்ளுடுப்புக்குப் போட்டிருக்கிறாள். சவுக்கார மணத்தால் சந்தேகம், சந்தேகத்தால் தூள், தூளால் சிவப்பு, சிவப்பைக் கண்டு மறுபடி சந்தேகம். வவுனியா உடுப்புக்கு மட்டும் அந்தத் தோய்ப்பு என்றபடியால்தான், போய் வந்து அதை அவன் மறுபடி உடுத்த பிறகு மட்டும் வந்தது; அடுத்தடுத்த தோய்ப்பில் தூள் போனதும் மாறியது.

விளங்கப்படுத்தினேன். அவள் நம்பவில்லை. "அப்ப துண்டு?" என்றாள்.

"துண்டு ஓடியா போகுது? உன்ரை இரத்தத்தையும் தா. அடுத்த முறை அவர் வந்தா உடுப்பை வெறும் தண்ணியிலை அலசிக் காயப்போடு. பிறகும் சிவந்தா வா, டொக்டரிட்டைச் சொல்லி நானே வாங்கித் தாறன்."

கட்டின பெட்டியை அவிழ்த்தாளோ இல்லையோ, கேட்கவில்லை.

4. மணம்

இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் இரத்தம் கொடுத்து, முடிவு கேட்க இருவரும் வந்தபோது தர்மலிங்கம் ஒரு வவுனியாப் பயணம் முடித்திருந்தான். தோல் ஆறி, பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. முதல் இரத்தமும் சரி, மறுபடி எடுத்த இரத்தமும் சரி, இருவருக்கும் ஒன்றும் இல்லை. டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு நிம்மதியும் இல்லை.

"இரத்தம் சரி மிஸி. அப்ப சவுக்கார மணம்? அதுக்கு என்ன டெஸ்ட் இருக்கு?"

வாசலில் நின்ற தர்மலிங்கத்துக்குக் கேட்டுவிட்டது. உள்ளே வந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"உனக்கெண்டுதான் ஒவ்வொருமுறையும் ஒரு கட்டி வேண்டுறனான். திரும்பி வரேக்கை ஆமிச் சோதனையிலை பறிப்பாங்கள் எண்டு என்ரை உடுப்புக்குள்ளை சுத்தி ஒளிச்சுக்கொண்டு வருவன். ஒவ்வொருமுறையும் பிடிபடும். கட்டி அங்கை நிண்டிடும், மணம் மட்டும் வீட்டை வரும்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"கொண்டு வந்து கையிலை தந்திட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒருக்காப் பிடிபட்டா வேறை மாதிரி ஒளிக்கத் தெரியாதே? ஒளிக்கவும் தெரியாத மனுசனுக்கு உந்த வேலை என்னத்துக்கு?" என்று தொடங்கினவள், விறாந்தை முழுக்க ஏசிக்கொண்டு போனாள். ஏசிக்கொண்டே சைக்கிள் பாரில் ஏறி இருந்தாள். அவன் சிரித்துக்கொண்டு மிதித்தான். நான் யன்னலில் நின்று அவர்கள் சந்தி திரும்பும் வரைக்கும் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறாமை நான் பட்டதில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வருகிறவர்கள் வருத்தத்துக்குப் பெயரும் வைத்து, கதையும் கட்டிக்கொண்டு வருவார்கள். கதையைக் கேளுங்கள், ஆனால் தோலைப் பார்க்கும் முன் தலையாட்டாதீர்கள். சிவப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உடுப்பு எதில் தோய்கிறது என்று கேளுங்கள். என்ன தெரிந்தாலும் இரத்தம் எடுங்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் அலுமாரியைத் திறந்தேன். என் கணவர் விட்டுவிட்டுப் போன சேட் ஒன்று அடித்தட்டில் மடித்தபடி கிடந்தது. எடுத்து மணந்து பார்த்தேன். பூச்சி உருண்டை மணம் மட்டும்தான் வந்தது.