மேல் கராஜிலிருந்து வரும் தண்ணீர்

காலையில் எழுந்ததும் வாளித் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்த்தேன்.

மேலே உள்ள கராஜில் புது பெயின்ட் அடிக்க பஸ்ஸின் பழைய பெயின்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், அந்த நிறம் நாங்கள் வாளியில் பிடிக்கும் ஓடைத் தண்ணீரில் வரும். ஒரு வாரமாகத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது.

கராஜ்காரர் செல்வம் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"தொட்டி கட்டிட்டேங்க டீச்சர். பெயின்ட் தூள் அடியில தங்கிடும். தெளிஞ்ச தண்ணியிலயே திரும்பத் தேய்க்கிறோம்."

"நாங்க எத்தன தடவ சொன்னோம். அப்ப கட்டலையே அண்ணே?"

சிரித்தார். "இப்ப மகளக் கீழ இருக்கிற தோட்டத்து லயத்து வீட்டுலதானே கட்டிக் குடுத்திருக்கேன். வாளியப் பார்த்துட்டு போன் பண்ணுனா, 'அப்பா, இன்னைக்கு நீல பஸ்ஸா?'ன்னு. மாமியார் பக்கத்துலயே நின்னாங்களாம்."

உங்கள் ஊர் கராஜ்காரருக்குக் கல்யாண வயதில் மகள் உண்டா?

கதவு நசுங்கிய எங்கள் காரைத் திருத்த நுவரெலியா டவுனுக்கு அனுப்பப்போவதில்லை. செல்வம் அண்ணனிடமே கொடுக்கப்போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.