ராக்கெட் சுற்றியபோது நான் வாசலில் நின்றேன்

இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் எதற்கு அதையே பேசிக்கொண்டிருக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும். நான் எழுதிய ராக்கெட் முதன்முதலாகப் பூமியைச் சுற்றி வந்தபோது அதைப் பார்த்திருக்க வேண்டிய ஆள் நான். நானோ பள்ளிக்கூட வாசலில் சேலை கட்டிக்கொண்டு, வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். இதை எப்படி விடுவது?

அப்போது நான் ஈப்போவில் ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒன்றே ஒன்று. பச்சை எழுத்துத் திரை, பக்கத்தில் டிஸ்க் போடும் பெட்டி, தூசி படாமலிருக்க மேலே ஒரு பூப்போட்ட மேசை விரிப்பு. கம்ப்யூட்டர் கழகத்தில் நாங்கள் முப்பது பேர். ஆளுக்கு வாரம் இருபது நிமிடம் என்று கதவில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அறையின் சாவி கழகச் செயலாளரிடம் இருக்கும். அவன் என் வகுப்புதான். சாவி வைத்திருப்பவனுக்கு இருபது நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இருபது நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? அதனால் நான் வீட்டிலேயே கட்டம் போட்ட நோட்டில் புரோகிராம் எழுதினேன். எழுதிவிட்டு நானே கம்ப்யூட்டர் ஆகிவிடுவேன். பத்தாவது வரி என்ன சொல்கிறது, இருபதாவது வரிக்குப் போனால் வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கால்குலேட்டரில் தட்டித் தட்டி ஒவ்வொரு நொடியாக ராக்கெட்டை நகர்த்துவேன். அது தரையிலிருந்து கிளம்பி மேகத்தைத் தாண்டுவதற்குள் நோட்டில் ஆறு பக்கம் தீர்ந்துவிடும்.

எழுதியது ஒரு விளையாட்டு. முதலில் ராக்கெட்டைக் கட்ட வேண்டும். எத்தனை அடுக்கு, ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு எரிபொருள் என்று கேட்கும். சொன்னதும் திரை நடுவில் பூமி வட்டமாக வரும், அதன் உச்சியில் ராக்கெட் ஒரு சின்னப் புள்ளியாக நிற்கும். ஒரு விசையைத் தட்டினால் சாயும். இன்னொன்றைத் தட்டினால் தீர்ந்துபோன அடுக்கு கழன்று விழும். கழகத்தில் யாரிடம் கொடுத்தாலும் நேராக மேலே விட்டார்கள். அது நேராகப் போய் நேராகவே திரும்பி வந்து விழுந்தது. மேலே போவது பெரிய வித்தையே இல்லை. போய்க்கொண்டே சாய வேண்டும். கீழே விழ விழ, பூமியும் வளைந்து வளைந்து விலகிக்கொண்டே போகிற அளவுக்குப் பக்கவாட்டில் வேகம் எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் ராக்கெட் இரண்டு மாதமாக விழுந்துகொண்டே இருந்தது. அழகாகச் சாயும், அழகாக வளையும், பூமிக்கு அந்தப் பக்கம் போய்ப் பொத்தென்று விழும்.

“உன் ராக்கெட் இங்கேருந்து சுங்காய் டவுனக்கூடத் தாண்டாது லா. பஸ்லயே போயிரலாம்,” என்பான் செயலாளர்.

சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. கல்வி அதிகாரி வருகிறார், அவர் முன்னால் ஓட்டிக் காட்டலாம் என்று கழக ஆசிரியர் எனக்குச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை என்னுடைய கடைசி இருபது நிமிடமும் தீர்ந்தது. அன்றைக்கும் விழுந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வாக்குவாதம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்துவிட்டோம். லாரி ஓட்டுகிற அண்ணனுக்கு மறுநாள் அந்தப் பக்கம்தான் லோடு.

“மெயின் ரோட்லேருந்து அஞ்சு கட்டைதான்டா,” என்றார் அப்பா.

“எட்டுன்னு போர்டு போட்டுருக்கான்ப்பா.”

“போர்டு நட்டவன் நடந்தானா? நான் நடந்திருக்கேன். அஞ்சு.”

“அட, ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா! நீங்க சொல்றது பழைய மைல் கணக்கு. அவன் போட்டுருக்கறது கிலோமீட்டரு.”

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. ராக்கெட் பூமியைச் சுற்ற வேகம் நொடிக்கு ஐந்து வேண்டும் என்று நகர நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் பார்த்து எழுதியிருந்தேன். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம். அதில் எல்லாமே மைல். பூமியின் அளவையும் ராக்கெட் போக வேண்டிய உயரத்தையும் பள்ளிப் பாடப்புத்தகத்தில் எடுத்தேன், எல்லாமே கிலோமீட்டர். ஐந்து மைல் போக வேண்டிய ராக்கெட்டை ஐந்து கிலோமீட்டரிலேயே என்ஜினை அணைத்து விழவைத்துக்கொண்டிருந்தது நான்தான். வீட்டில் கட்டைக் கணக்கு, பள்ளியில் கிலோமீட்டர் கணக்கு என்று இரண்டிலும் கால் வைத்து வளர்ந்தவர்கள்தான் இப்படி ஒரு தப்புச் செய்ய முடியும்.

“எட்டு!” என்று கத்தினேன்.

“அதத்தானே நானும் சொல்றேன்,” என்றான் அண்ணன்.

எட்டு வேண்டுமென்றால் இரண்டு அடுக்கு போதாது. மூன்றாவது அடுக்கு போட்டேன். மாற்ற வேண்டிய வரிகளை ஒரு தாளில் எழுதினேன். எத்தனையாவது நொடியில் எவ்வளவு சாய்க்க வேண்டும், எப்போது அடுக்கைக் கழற்ற வேண்டும் என்பதையும் கீழே எழுதிக்கொண்டேன், எனக்காக.

சனிக்கிழமை காலையில் பள்ளி வாசலிலேயே செயலாளரைப் பார்த்தேன். சாவி அவனிடம்தானே. தாளைக் கொடுத்தேன்.

“இத அடிச்சு மட்டும் வை. ஓட்டிப் பாத்துறாத. நான் வந்து ஓட்டறேன்.”

“சரி லா, விஞ்ஞானி.”

அவன் மாடிப்படி ஏறுகிறான். நானும் ஏறப்போகிறேன். பின்னாலிருந்து தமிழ்மொழிக் கழகத்து ஆசிரியையின் குரல். கையில் மடித்த சேலை.

“எங்க போற? வா, இதக் கட்டிக்க. பன்னீர்ச் செம்பு நீதான்.”

“டீச்சர், எனக்கு கம்ப்யூட்டர் ரூம்ல வேலை இருக்கு.”

“பத்து நிமிஷம்தாம்மா. அதிகாரி உள்ள போனதும் நீ போலாம்.”

“பையன்கள நிக்கச் சொல்லுங்க டீச்சர்.”

“பையன் பன்னீர் தெளிச்சு எங்கயாச்சும் பாத்திருக்கியா?”

பார்த்ததில்லைதான். அவர்கள் தெளித்தால் பன்னீர் என்ன புளித்துவிடுமா? எந்த விழாவானாலும் மலாய்ப் பையன்கள் ஜிகினாப் பூக்குடை பிடிப்பார்கள், சீனப் பையன்கள் சிங்க ஆட்டம் ஆடுவார்கள். நம் பங்குக்கு மட்டும் ஏன் எப்போதும் சேலை கட்டிய பெண் பிள்ளைகள், சந்தனம், கல்கண்டு, ஒரு சிரிப்பு? அந்தச் சமயம் கம்ப்யூட்டர் கழக ஆசிரியர் அந்த வழியாகப் போனார். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

“போம்மா போ. மேல நாங்க பாத்துக்கறோம்,” என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போய்விட்டார்.

பத்து நிமிடம் என்றார்கள். அதிகாரி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். தெளித்தேன். உள்ளே போனார். செம்பைக் கீழே வைக்கப் போனேன். பின்னாலேயே இன்னொரு கார். அதற்குப் பின்னால் இன்னொன்று. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள், பெற்றோர் சங்கத்தார் என்று வந்துகொண்டே இருந்தார்கள். “கொஞ்சம் இரும்மா, கொஞ்சம் இரும்மா” என்று டீச்சர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஒரு தலைமையாசிரியரின் மூக்குக்கண்ணாடி முழுக்க நனைகிற மாதிரி தெளித்தேன். அவர் பாவம், நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு நேர் மேலே. ஜன்னல் திறந்திருந்தது. முதலில் யாரோ “ஓ” என்றார்கள். அப்புறம் அமைதி. அப்புறம் கைதட்டல். நீளமான, நிற்காத கைதட்டல். விழுந்த ராக்கெட்டுக்கு யாரும் அப்படித் தட்டமாட்டார்கள்.

செம்பை டீச்சர் கையில் திணித்துவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அதிகாரியைத் தேநீருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். திரை காலி. செயலாளரின் மடியில் என் தாள், என் கையெழுத்து.

“சுத்திருச்சு லா!” என்றான். அவன் முகமெல்லாம் பல். “நீ எழுதுன மாதிரியே சாய்ச்சேன். ரெண்டாவது அடுக்கு கழண்டுச்சு பாரு, அப்படியே போய், அந்தப் பக்கம் போய், திரும்பி இந்தப் பக்கமே வந்துருச்சு! நீ பாத்திருக்கணும்!”

கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் பார்த்திருக்க வேண்டும் என்று என்னிடமே சொல்கிறான், மனசாரச் சொல்கிறான்.

“ஓட்டாதன்னு சொன்னேனா இல்லயா?”

“அதிகாரி வந்து நிக்கறாரு. நான் என்ன பண்றது?”

“கீழ வந்து கூப்பிட்டிருக்கலாம்ல? பதினெட்டுப் படிதானே?”

அவன் ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியர் கம்ப்யூட்டரின் விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். “யாரு ஓட்டுனா என்னம்மா, பள்ளிக்கூடத்துக்குத்தானே பேரு? உன்னோட புரோகிராம்தானே, உனக்குத் தெரியாததா? மூடிரலாம், நேரமாச்சு.”

“நான் பாக்கல சார்.”

“அடுத்த வாரம் உன் முறை வரும்போது பாத்துக்கலாமே.”

“எந்திரி,” என்றேன் செயலாளரிடம். எழுந்துவிட்டான். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்தேன். விரல் ஈரம் விசைகளில் ஒட்டியது. மூன்று அடுக்கு கட்டினேன். தாளைப் பார்க்கவில்லை. முதல் அடுக்கு கழன்றது. சாய்த்தேன். இரண்டாவது கழன்றது. வேகம் ஐந்தைத் தாண்டியது, ஆறு, ஏழு. எட்டில் என்ஜின் அணைந்தது. புள்ளி பூமிக்குப் பின்பக்கம் வளைந்து போனது. எத்தனை முறை அந்த இடத்தில் விழுந்திருக்கிறது! விழவில்லை. சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்தது. சந்தோஷமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது இரண்டாவது முறை. முதல் முறை என்று ஒன்று ஒரே தடவைதான் வரும். அதை எடுத்துப் பதினெட்டுப் படிக்கு மேலே வைத்துவிட்டு, என்னைக் கீழே சிரிக்கச் சொல்லி நிறுத்தியிருந்தார்கள்.

வாசலில் தமிழ் டீச்சர் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. “அதிகாரி கெளம்பறாரு. மாலை போடணும். சீக்கிரம் வா.”

“வரமாட்டேன் டீச்சர்.”

“என்ன பேச்சு இது?”

“இன்னும் ஒரு சுத்து பாக்கணும்.”

டீச்சர் என்னையே பார்த்தார். கழக ஆசிரியர் விரிப்பை மடிக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. “திமிரு,” என்று சொல்லிவிட்டு டீச்சர் எதிர் அறைக்குப் போனார். அங்கே ரசாயன மேசையில் என் வகுப்புப் பெண் ஒருத்தி, நாலைந்து பெற்றோர்களுக்குத் தன் குடுவையில் நிறம் மாறுவதைக் காட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் மாறவில்லை. டீச்சர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் குடுவையை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் சொட்டுக்குழாயைக் கொடுத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டே டீச்சர் பின்னால் போனாள்.