நண்டு வளை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நான் நடுங்குவதற்குப் பாம்பே வேண்டாம், தரையில் ஓர் ஓட்டை போதும்.

கிள்ளையில் எங்கள் நிலத்துக்குள் உப்புத்தண்ணீர் ஏறிய பிறகு, கடலூர்ப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியின் கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலைக்கு அப்பா சேர்ந்தார். நாங்கள் தங்கவும் அங்கேயே ஓர் அறை கொடுத்தார்கள். அதுவரை நெல்லைத் தவிர வேறு புல்லுக்கு அவர் தண்ணீர் பாய்ச்சியதில்லை. அவருக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவரைப் புல் பழுத்துப்போனதற்காக ஒரே பேச்சில் அனுப்பிவிட்டார்களாம். எங்கள் வீட்டில் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட செய்தி அது.

ஒருமுறை அம்மாவும் நானும் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் காலையில் திரும்பினோம். அப்பா அறையில் இல்லை. மணல் ஏற்றிவரப் போயிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். வெளியே வந்து மைதானத்தைப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பாய் விரித்ததுபோல் இருக்கும் அந்தப் புல்தரை முழுக்க, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள்.

"ஐயய்யோ, ஒரே நாள்ல நண்டு இம்மாம் வளை போட்டுடுச்சே! விடுதிக்காரங்க கண்ணுல பட்டா ஒங்கப்பாவ வேலைய வுட்டு நிறுத்திடுவாங்கடீ."

வரப்பில் நண்டு வளை போட்டால் தண்ணீர் நிற்காது, உடனே களிமண்ணால் அடைக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அம்மா வாய்க்காலிலிருந்து சேற்றை அள்ளி வந்தாள். இருவரும் உட்கார்ந்து அடைத்தோம். நண்டு வளையில் பாம்பு படுத்திருக்கும் என்பதும் எங்கள் ஊரில் குழந்தைக்குத் தெரியும். ஒவ்வொரு ஓட்டையிலும் முதலில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைத்தேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தால் பாம்பே தேவலை என்றிருந்தது.

பாதி அடைத்திருப்போம். மணல் டிராக்டர் வந்து நின்றது. அப்பா இறங்கினார், பின்னாலேயே மேலாளரும் வந்துவிட்டார்.

"யாருய்யா இத அடைச்சது? வேருக்குக் காத்துப் போவணும்னுதான நேத்து மெஷின் வுட்டு ஓட்டை போட்டோம்? மணல் போடுற எடத்துல களிமண்ணா?"

அம்மா முழங்கை வரை சேறாக இருந்த கைகளைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்பா அவளைப் பார்த்தார்.

"நாந்தான் சார் அடைக்கச் சொன்னேன். தப்பா வெளங்கிக்கிட்டேன்."

மேலாளரும் அம்மாவின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவிடம், "இன்னொரு தடவை இப்டி ஆச்சுன்னா மூட்டையக் கட்டிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாயும் வரை மூவரும் குச்சியால் களிமண்ணை நோண்டி எடுத்தோம். அம்மா தலையைத் தூக்கவேயில்லை. அப்பா ஏதோ பழைய கதையெல்லாம் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். எனக்கோ அவர்மேல் கோபமான கோபம். அடைக்கச் சொல்லி இவர் எப்போது சொன்னார்? ஒருவேளை அம்மாவிடம் போனில் சொல்லியிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்பாவுக்கு அந்த வேலை சுத்தமாகத் தெரியவில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் எங்களைத் துரத்திவிடுவார்கள் என்று அதன்பின் வெகுநாள் பயந்துகொண்டே தூங்கினேன். அந்த ஓட்டைகளில் போடத்தான் அவர் விடிவதற்கு முன்பே மணலுக்குப் போயிருந்தார் என்பது, டிராக்டர் நிறைய மணலைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.